பஹ்மா அடித்த எழுத்து

பஹ்மா என்ற பெயரை விஜயலெட்சுமி முதன்முதலில் கேட்டது மனிதர் வாயிலிருந்து அல்ல, போனின் வாயிலிருந்து. அன்றைக்குக் கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்து, ஈரச் சாக்கை வாசல் கம்பியில் போட்டுவிட்டு, தேத்தண்ணிக்கு அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தாள். கட்டிலில் இருந்த மகள் தனுஜாவின் மடியில் போன் சத்தம் போட்டது. பிறகு அதற்குள் இருக்கும் பொம்பளைக் குரல், "பாமாவிடமிருந்து செய்தி" என்றது.

"யாரு புள்ள அந்த பாமா?"

"நோட்ஸ் அடிக்கிறவங்கம்மா. லுணுகலையில."

அந்தக் குரலுக்கு ‘ஹ்’ என்ற எழுத்து தொண்டையில் நிற்காது, விழுங்கிவிடும். விஜயலெட்சுமிக்கு அது எப்படித் தெரியும்? பாமா என்றதும் நெற்றியில் பொட்டும் எண்ணெய் வைத்துப் பின்னிய சடையுமாக ஒரு பெண்ணை மனதில் இருத்திவிட்டாள். லுணுகலை பேக்கரிக்குப் பின்னால் மாமன் வழியில் ஒரு சொந்தம் இருந்ததே, அவர்கள் வீட்டுப் பெண்ணாகக்கூட இருக்கலாம் என்று உறவுமுறை வரைக்கும் போய்விட்டாள்.

விஜயலெட்சுமி யார் என்றால், லுணுகலைக்கு மேலே இருக்கிற தோட்டத்தில் கோயில் லயத்துப் பொன்னையாவின் மூத்த மகள். பொன்னையாவின் தம்பி மொனராகலைப் பக்கம் கரும்புக்குப் போய் அங்கேயே தங்கிவிட்டார். சின்ன மகள் அப்புத்தளையில் வாழ்க்கைப்பட்டாள். மூத்தவளை மட்டும் அத்தை மகன் ரமேஸுக்குக் கட்டி அதே லயத்து வரிசை வீடுகளில் ஒன்றில் வைத்துக்கொண்டார்கள். ரமேஸ் கொழும்பில் ஒரு கடையில் மூட்டை இறக்குகிறான். தீபாவளிக்கும் தைப்பொங்கலுக்கும் வருவான். அவர்களுக்கு ஒரே பிள்ளை, தனுஜா.

தனுஜா பிறவியிலேயே கண் தெரியாதவள் அல்ல. ஐந்தாம் வகுப்பில் புலமைப்பரிசில் பரீட்சை எழுதின வருசம் அவளுக்கு மூளைக்காய்ச்சல் வந்தது. உயிரை மீட்டுக் கொடுத்தார்கள், பார்வை திரும்பவில்லை. அதற்காக அவள் பள்ளிக்கூடத்தை விடவில்லை. முன் வாங்கில் உட்கார்ந்து காதால் படித்தாள். சரித்திரம் என்றால் உயிர். சரித்திரம் சொல்லிக்கொடுக்கும் டீச்சராக வேண்டும் என்பாள். அதற்குச் சாதாரண தரம் பாஸாகி, பதுளைக்குப் போய் உயர் தரம் படிக்க வேண்டும். பாஸாகாவிட்டால் என்ன என்பதும் விஜயலெட்சுமிக்குத் தெரியும். தான் காலையில் பெரட்டில் பெயர் கொடுத்து வேலைக்குப் போனதும், மகள் உள்ளே கொக்கியைப் போட்டுக்கொண்டு, அந்த ஒற்றை அறைக்குள்ளேயே இருந்து இருந்து கிழவியாவாள். கொழுந்து ஆயும்போது இந்த நினைப்பு வந்தால் அவள் கை தானாக நின்றுவிடும்.

கொரோனாவில் பள்ளிக்கூடங்கள் அடைத்துக் கிடந்த காலத்தில் பாடக் குறிப்புகள் போனுக்கு வரத் தொடங்கின. பள்ளிக்கூடம் திறந்த பிறகும் அந்தப் பழக்கம் நிற்கவில்லை. ரமேஸ் மகளுக்குப் பேசுகிற போன் ஒன்று கொண்டுவந்தான். விரலால் தடவினால் திரையில் இருப்பதை வாசிக்கும். செய்தி வாசிக்கும், மணி சொல்லும், கூப்பிடுவது யார் என்று சொல்லும். பாடக் குறிப்பை மட்டும் வாசிக்காது. அதைத் திறந்தால், "எம், கே, கே, எச்" என்று ஆங்கில எழுத்தாகக் கொட்டும். கல்லோடு கலந்த அரிசியைத் தகரத்தில் கொட்டுகிற மாதிரி.

போனில் கோளாறு என்று விஜயலெட்சுமி திருத்துகிற கடைக்குக் கொண்டுபோனாள். கடைக்காரர் திரையைப் பார்த்துவிட்டு, நல்ல தமிழ்தானே தெரிகிறது, இதில் என்ன பிரச்சினை என்று திருப்பிக் கேட்டார். சரித்திரம் படிப்பிக்கும் வாத்தியார் தினேஸ் சேரும் தன்னுடைய போனில் திறந்து காட்டினார். அச்சுக் கோத்த மாதிரித் தமிழ். கண்ணுள்ளவர்கள் எல்லோருக்கும் அது தமிழாகவே இருந்தது. இப்படியே போய், ஒருநாள் விஜயலெட்சுமியே, படிக்கப் பஞ்சிப்பட்டுச் சோம்பிக்கொண்டு போனைச் சாக்குச் சொல்கிறாயா என்று மகளைக் கேட்டுவிட்டாள். தனுஜா போனைத் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டாள். அன்று ராத்திரி அவள் சாப்பிடவில்லை.

அந்தக் குறிப்புகளின் அடியில், கொட்டுகிற எழுத்தெல்லாம் முடிந்த பிறகு, ஒன்று மட்டும் தெளிவாகக் கேட்கும். ஒரு தொலைபேசி இலக்கம். எந்தப் பாடத்தைத் திறந்தாலும் கடைசியில் அதே இலக்கம். தனுஜா அந்த இலக்கத்துக்கு, நீங்கள் யார் என்று செய்தி அனுப்பினாள். அதற்கு வந்த பதில்தான் பாமா.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தாயும் மகளும் லுணுகலைக்கு பஸ் ஏறினார்கள். சொன்ன அடையாளத்தில் பஸீல் நானாவின் கொமினிகேசன் கடை இருந்தது. போட்டோக் கொப்பி எடுப்பது, கடிதம் அடிப்பது, பள்ளிக்கூடத்து வினாத்தாள் அடிப்பது எல்லாம் அங்கேதான். கறுப்பு அபாயாவும் தலையில் முக்காடுமாக ஒரு பெண் கணினிக்கு முன்னால் இருந்தாள். விஜயலெட்சுமி அவளிடமே போனாள்.

"பாமா இருக்காவா தங்கச்சி?"

"பாமா இல்ல அக்கா. பஹ்மாதான் ஈக்கி."

"அப்ப பாமா எத்தன மணிக்கு வருவாங்க?"

பஹ்மா மேசையில் தலையை வைத்துச் சிரித்தாள். கொப்பி இயந்திரத்துக்குப் பக்கத்திலிருந்த பஸீல் நானா, அவளுக்குத் தாய்மாமன், "நாங்க ஆடு அறுத்து வெச்ச பேரு. போன் ஒரு நொடியில மாத்திட்டு" என்றார். விஜயலெட்சுமிக்கு வெட்கம் வந்துவிட்டது. ஆனால் அந்தச் சிரிப்போடு சிரிப்பாக அவளும் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

தனுஜா போனில் சரித்திரக் குறிப்பைத் திறந்து சத்தத்தைக் கூட்டினாள். எம், கே, கே, எச். பஹ்மா சிரிப்பை நிறுத்தினாள். குரல் சொல்லச் சொல்ல அவளுடைய விரல்கள் தானாகச் சாவிப் பலகையின் மேல் அசைந்தன. முகம் சாம்பிப் போனது.

"அக்கா, போன்ல ஒரு பிழையுமில்ல. இந்தப் புள்ளக்கிக் கேக்கிறது என்ட விரல்தான்."

பிறகு அவள் விளக்கிச் சொன்னதை விஜயலெட்சுமி இன்றைக்கும் பிசகாமல் சொல்வாள். டீச்சர்மார் கேட்பதும் கடைகளில் அடிப்பதும் பாமினி என்கிற பழைய எழுத்து. மேலுக்குத் தமிழ்ச் சேலை கட்டியிருக்கும், உள்ளுக்குள் ஆங்கில எழுத்து. ‘அம்மா’ என்று திரையில் வர, விரல் எம், கே, கே, எச் என்ற சாவிகளில் விழ வேண்டும், நடுவில் ஒரு புள்ளிச் சாவியும். கண்ணுள்ளவர்கள் சேலையைப் பார்க்கிறார்கள். போன் உள்ளே கிடப்பதை வாசிக்கிறது. நாம் போனில் ஒருவருக்கொருவர் அனுப்புகிற எழுத்து வேறு. அது உள்ளும் புறமும் தமிழ். அதில் அடித்தால் போன் வாசிக்கும்.

"பாமாவும் பாமினியும் அக்கா தங்கச்சியாக்கும்" என்றாள் விஜயலெட்சுமி.

"மூத்தவ பாமினி கொஞ்சம் மோசம் அக்கா" என்றாள் பஹ்மா.

பஹ்மா, ஸித்தி ஸுபைதாவின் மூத்த பிள்ளை. ஸித்தி ஸுபைதாவின் தகப்பன் பண்டாரவளையில் புடவைக் கடை வைத்து நொடித்துப்போனவர். புருசன் வாழைச்சேனைப் பக்கம் போய் இன்னொரு குடும்பமாகிவிட்டான். அண்ணன் பஸீல்தான் தங்கையையும் பிள்ளைகளையும் பார்த்தார். பஹ்மா உயர் தரம் எழுதினாள். பல்கலைக்கழகத்துக்கு மயிரிழையில் தவறியது. அதன் பிறகு மாமாவின் கடையில் சாவிப் பலகைக்கு முன்னால் உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. அந்தச் சுற்றுவட்டாரத்துப் பிள்ளைகள் படித்த தமிழெல்லாம் அவள் விரல் வழியாக வந்ததுதான். சாவிகளைக் குனிந்து பார்க்காமலே அடிப்பாள்.

அன்றிலிருந்து தனுஜாவுக்கு எல்லாவற்றையும் திரும்ப அடித்தாள். கடையில் ஆள் இல்லாத நேரத்தில் கொஞ்சம், வீட்டில் உம்மா சமைக்கும்போது கொஞ்சம். இதற்கு என்ன கொடுக்க வேண்டும் என்று விஜயலெட்சுமி கேட்டதற்கு, பிழையாக அடித்தவள்தானே திருத்திக் கொடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டாள்.

வெறுமனே எழுத்தை மாற்றியதோடு அவள் விடவில்லை. ‘கீழே உள்ள படத்தைப் பார்க்க’ என்று வருகிற இடமெல்லாம் அவளை உறுத்தியது. பார்க்க முடியாத பிள்ளைக்கு அது என்ன பாடம் என்பாள். அந்த இடங்களில் படத்தை வார்த்தையால் எழுதினாள். இலங்கைப் படத்துக்கு அவள் எழுதியதை லயத்தில் எல்லோரும் கேட்டுச் சிரித்தார்கள். ‘காம்பு மேலே இருக்கிற மாதிரி ஒரு மாங்காயைக் கையில் பிடி. காம்புப் பக்கம் யாழ்ப்பாணம். வயிற்றுப் பக்கம், வலது கைக் கட்டைவிரலைக் கொஞ்சம் கீழே இறக்கினால் பதுளை. அதைவிடக் கொஞ்சம் வெளியே தள்ளி உன் வீடு.’ விஜயலெட்சுமி சந்தையிலிருந்து ஒரு மாங்காய் வாங்கி வந்தாள். தனுஜா அதை அழுகும்வரை தலைமாட்டில் வைத்திருந்தாள்.

சைவநெறிப் பாடமும் பஹ்மாதான் அடித்தாள். தேவாரத்தில் போன் தடுக்கி விழுகிற இடங்கள் வரும். எங்கே பிரித்தால் சரியாக வாசிக்கும் என்று விஜயலெட்சுமிக்கு போன் போட்டுக் கேட்பாள். கொழுந்து மலையில் நின்றுகொண்டு விஜயலெட்சுமி தேவாரத்தைப் பாடிக் காட்டுவாள். கங்காணி முறைப்பார். பக்கத்து நிரைப் பெண்கள், உனக்குக் கோயில் வேலையா தோட்ட வேலையா என்று கேட்பார்கள்.

சில ஞாயிற்றுக்கிழமைகளில் தனுஜாவைக் கடையில் விட்டுவிட்டு விஜயலெட்சுமி சந்தைக்குப் போவாள். அந்த நேரத்தில் பஹ்மா அவள் விரலைப் பிடித்து ஒவ்வொரு சாவியிலும் வைத்து விளையாடுவாள். ஜே அடித்தால் ‘த’. கே அடித்தால் ‘ம’. ஜி அடித்தால் ‘ப’. பி அடித்தால் ‘டி’. பெரிய டி அடித்தால் ‘னு’. பழைய எழுத்தை எதற்குப் படிக்கிறாய் என்று விஜயலெட்சுமி கேட்டாள். மோசமான அக்காவையும் தெரிந்து வைத்துக்கொண்டால் நல்லது என்றாள் மகள்.

பஹ்மாவுக்குப் பிறகு ஒரு யோசனை வந்தது. நல்ல யோசனைதான். ஒன்றை இரண்டு முறை அடிப்பதற்குப் பதிலாக, ஆரம்பத்திலேயே புது எழுத்தில் அடித்துவிட்டால், மற்றப் பிள்ளைகள் வாசிக்கிற அதே நாளில் தனுஜாவும் வாசிப்பாளே. தினேஸ் சேருக்கும் அது பிடித்திருந்தது. அந்தத் தவணைப் பரீட்சைக்குப் பல பள்ளிக்கூடங்களுக்கும் சேர்த்து வினாத்தாள் அடிக்கிற வேலை கடைக்கு வந்திருந்தது. பஹ்மா எல்லாவற்றையும் புது எழுத்தில் அடித்துக் கொடுத்தாள். அவளுடைய திரையில் எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது. அச்சடித்த இடத்தில் இருந்தது பழைய இயந்திரம். அதற்குப் புது எழுத்துத் தெரியாது.

பரீட்சை அன்று காலையில் கட்டுகளைப் பிரித்தார்கள். தாள் முழுக்கச் சின்னச் சின்னப் பெட்டிகள். கேள்வி இலக்கம் மட்டும் ஒழுங்காக இருந்தது, அதற்குப் பக்கத்தில் வரிசை வரிசையாகப் பெட்டி. பிள்ளைகள் பேனையைத் திறந்து வைத்துக்கொண்டு ஆளையாள் பார்த்துக்கொண்டிருந்தார்களாம். பரீட்சையைத் தள்ளி வைத்தார்கள்.

பஸீல் நானா கெட்ட மனிதர் அல்ல. தங்கை பிள்ளைகளை வளர்த்த கை அது. ஆனால் அன்றைக்கு ஒவ்வொரு பள்ளிக்கூடத்திலிருந்தும் அவருக்குத்தான் ஏச்சு விழுந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை கடையில் அவர் பஹ்மாவை விஜயலெட்சுமிக்கு முன்னால் வைத்தே கேட்டார்.

"ஒரு புள்ள வாசிக்கணும்டு ஊருப் புள்ளயல எல்லாம் குருடாக்கிட்டியே மகள்."

சொன்ன பிறகுதான் தனுஜா அங்கே நிற்பதைக் கண்டார். சொன்ன வார்த்தையை எங்கே கொண்டுபோய் ஒளிப்பது என்று தெரியாமல் கொப்பி இயந்திரத்தின் மூடியைத் திறந்தார், மூடினார். பஹ்மா தலை குனிந்து, பிழை என்னுடையதுதான் மாமா, அச்சகத்தில் ஒரு தாளாவது அடித்துப் பார்த்திருக்க வேண்டும் என்று மட்டும் சொன்னாள். 

அதோடு பள்ளிக்கூடத்து வேலைகள் வேறு கடைகளுக்குப் போய்விட்டன. பஹ்மா பகலில் பழைய எழுத்துக்கே திரும்பினாள். ஆனால் தனுஜாவுக்கு அடிப்பதை விடவில்லை. சாதாரண தரப் பரீட்சை வரைக்கும் ஒரு பாடமும் குறையாமல் வந்து சேர்ந்தது.

பரீட்சை மண்டபத்தில் ஒரு டீச்சர் கேள்வியை வாசிக்க, தனுஜா சொல்ல, அவர் எழுதினார். பெறுபேறு வந்தபோது சரித்திரத்துக்கும் தமிழுக்கும் சைவநெறிக்கும் அதிதிறமைச் சித்தி, அதாவது ‘ஏ’. விஜயலெட்சுமி முறுக்குச் சுட்டு ஒரு வாளி நிறையக் கொண்டுபோனாள். ஸித்தி ஸுபைதா வட்டிலப்பம் வைத்துக் கொடுத்தாள். சைவநெறியில் யாருக்கு அந்த ‘ஏ’ என்று கேட்டு எல்லோரும் பஹ்மாவைக் கேலி பண்ணினார்கள். அன்றைக்கு அவள் சிரித்த மாதிரி விஜயலெட்சுமி அதற்குப் பிறகு பார்க்கவில்லை.

கடையில் வேலை பாதியாகி, பிறகு ஒரு கதவை மட்டும் திறந்து வைத்தார்கள். பஹ்மாவுக்குக் கீழே இரண்டு தங்கச்சிமார். வீடு ஒன்று கட்டாமல் கல்யாணப் பேச்சு எடுக்க முடியாது என்று பெரியவர்கள் சொன்னார்கள். பஹ்மா குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போக ஒத்துக்கொண்டாள். போவதற்கு முதல்நாள் லயத்துக்கு வந்தாள். அதுதான் அவள் முதல் தடவை வந்தது. தனுஜாவின் கட்டிலில் உட்கார்ந்து, கையோடு கொண்டுவந்த சின்ன மெமரி கார்டை போனுக்குள் போட்டாள். உயர் தர முதலாம் தவணைக்குக் கையில் கிடைத்ததை எல்லாம் அடித்திருக்கிறேன், மிச்சத்துக்குப் பதுளையில் யாராவது இருப்பார்கள் என்றாள். விஜயலெட்சுமி அவளுக்கு என்ன கொடுப்பது என்று அறைக்குள் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, ஒரு தேயிலைப் பொட்டலத்தைக் கட்டிக் கொடுத்தாள். குவைத்தில் தேயிலை இருக்காதா என்று மகள் கேட்டாள். "இது நம்ம மலைத் தேயிலதானே அக்கா" என்று பஹ்மா வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

பதுளையில் தனுஜாவை அன்பாகத்தான் வைத்திருந்தார்கள். விடுதியில் கூட இருந்த பிள்ளைகள் கையைப் பிடித்துக் கூட்டிப்போவார்கள். ஆனால் அங்கே பாடங்கள் பழைய எழுத்தில்கூட வரவில்லை. டீச்சர்மார் கையால் எழுதி, அதைப் படம் பிடித்து அனுப்பினார்கள். போன் அதைத் திறந்து, "படம்" என்று சொல்லும். அடுத்ததைத் திறந்தால், "படம்." தமிழும் இல்லை, ஆங்கிலமும் இல்லை. கொஞ்ச நாள் ஒரு கூட்டாளிப் பிள்ளை வாசித்துக் காட்டினாள். அவளுக்கும் தன் படிப்பு இருந்தது. பஹ்மா கொடுத்துவிட்டுப் போனது முதல் தவணையோடு முடிந்தது. தனுஜா குவைத்துக்குச் செய்தி அனுப்பினாள். அந்த இலக்கம் வேலை செய்யவில்லை. ஸித்தி ஸுபைதாவிடம் கேட்டதற்கு, வீட்டுக்காரர்கள் போனை வாங்கி வைத்திருக்கிறார்கள், மாதத்தில் ஒரு தடவை அவர்களுடைய போனில் இரண்டு வார்த்தை பேசுகிறாள் என்று சொல்லி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

தீபாவளி லீவுக்கு வந்த தனுஜா திரும்பிப் போகவில்லை. சண்டை பிடிக்கவில்லை, அழவில்லை. பஸ்ஸுக்குக் கிளம்பு என்று விஜயலெட்சுமி சொன்னபோது, "எதுக்கும்மா" என்று மட்டும் கேட்டாள். மறுநாள் விஜயலெட்சுமி பெரட்டுக்குப் படி இறங்கும்போது, பின்னால் கதவில் கொக்கி விழுகிற சத்தம் கேட்டது. அவள் எத்தனையோ வருசமாகக் கேட்கக் கூடாது என்று பயந்திருந்த சத்தம்.

போன மாசி மாதத்தில் ஒருநாள் மழையால் வேலை பாதியில் நின்று, விஜயலெட்சுமி பகலிலேயே வீட்டுக்கு வந்திருந்தாள். தெரியாத வெளிநாட்டு இலக்கத்திலிருந்து ஒரு செய்தி வந்தது. அவள் எட்டிப் பார்த்தாள். ஒன்றுக்கொன்று ஒட்டாத நாலு ஆங்கில எழுத்து. ஏமாற்றுக்காரர்கள் இப்படித்தான் அனுப்புவார்கள், அழித்துவிடு என்றாள்.

தனுஜா விரலை வைத்து எழுத்தெழுத்தாக வாசிக்க விட்டாள். ஜே. டி. கொஞ்சம் இடைவெளி. ஜி. பி.

திரும்பவும் வாசிக்க விட்டாள். பிறகு போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

"என்னா புள்ள அது?"

"பஹ்மாக்காம்மா."

யாருடைய போனோ. அதில் தமிழ் எழுத்து இருந்திருக்காது. கிடைத்த அந்த நிமிடத்தில், கண்ணால் பார்க்காமல் அடித்துப் பழகின விரல், பழைய சாவிகளிலேயே விழுந்திருக்கிறது. உலகத்தில் வேறு யார் பார்த்தாலும் அது குப்பை.

"என்னா சொல்றா?"

"‘தனு, படி’ன்னு சொல்றாங்கம்மா."

விஜயலெட்சுமி அடுப்புப் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள். மகள் பதில் அடிக்கிற சத்தம் கேட்டது, ஒவ்வொரு எழுத்தாக, அதே பழைய சாவிகளில். நீண்ட நேரம் எடுத்தது. என்ன அனுப்பினாய் என்று கேட்டாள்.

"படிக்கிறேன்னு."

விஜயலெட்சுமி போனை வாங்கிப் பார்த்தாள். செய்திக்குப் பக்கத்தில் ஒரு கோடுதான் விழுந்திருந்தது. போய்ச் சேர்ந்ததற்கான இரண்டாவது கோடு இன்னும் விழவில்லை.

பஹ்மா இப்போது குவைத்தில் ஒரு வீட்டில் வேலை செய்கிறாள்.